கோர்ட்டுக் கூண்டில் ஒரு பாவசங்கீர்த்தனம்

அந்தப் பெண்ணை ஆறு மாதம் உள்ளே தள்ளியவர்கள் யார் யார் என்று நான் எத்தனையோ முறை மனதுக்குள் விரல் விட்டு எண்ணியிருக்கிறேன். மேஸ்திரி ஒருவன். சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர். மாஜிஸ்திரேட் ஒருவர். ஒவ்வொரு முறையும் கடைசி விரல் என்னிடமே வந்து நிற்கும். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அடுத்தவன் மேல் மட்டும் இருந்த கோபம் என்றால் இந்நேரம் ஆறிப்போயிருக்கும்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. சட்டம் படித்து முடித்துக் கறுப்புக் கோட்டு தைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, வண்ணாரப்பேட்டையில் ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடை போட்டவர். மூத்தவன் கடைக்கு, இளையவன் கோர்ட்டுக்கு என்று அவர் பிரித்தபோது எங்கள் இருவரையும் யாரும் கேட்கவில்லை. ஜார்ஜ் டவுனில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். தினமும் ஒரு டம்ளர் காப்பியும், தூக்கிக்கொண்டு பின்னால் நடக்க நாலு கேஸ் கட்டும் கொடுப்பார். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

ராயபுரத்தில் ஒரு மாதா கோயிலின் பங்குச் சாமியார் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். கோயில் ஜன்னலுக்குக் கொக்கி வாங்க எங்கள் கடைக்குத்தான் வருவார். ஒரு நாள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "தம்பி, எங்க பிள்ளைகளுக்குச் சட்டம்னா லத்தின்னுதான் தெரியும். சண்டை போட்டாலும் ஸ்டேஷனுக்குப் போகுதுக, வேடிக்கை பார்த்தாலும் போகுதுக. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து ஏதாவது சொல்லிக் குடுங்களேன்" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். "படிச்சதை நாலு பேருக்குச் சொல்லு. எந்தக் கோயிலா இருந்தா என்ன?" என்றார் அப்பா, ஆணியைத் தராசில் நிறுத்தபடி.

அது குடியரசு வந்து இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ. ரேஷன் இன்னும் முழுசாகத் தொலையவில்லை. கோயில் பள்ளிக்கூடத்தில் ஒரு அறை. ஒரு பக்கம் பையன்கள், ஒரு பக்கம் பெண்கள், எல்லாரும் பதினாறிலிருந்து இருபத்திரண்டுக்குள். ரயில்வே பட்டறையில் எண்ணெய் துடைப்பவர்கள், கட்டுமரக்காரர் வீட்டுப் பிள்ளைகள், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள், சரக்குக் கிடங்கில் கூட்டிப் பெருக்கும் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, துவைத்த துணி கட்டி வந்து உட்காருவார்கள்.

எனக்கோ அரசியல் சட்டம் புதுசு, தலைக்கு ஏறியிருந்தது. வாரண்ட் என்றால் என்ன, ஜாமீன் என்றால் என்ன, இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது, போலீஸிடம் அடி வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டது கோர்ட்டில் எடுபடாது, தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாருக்கும் கட்டாயமில்லை. இப்படி எழுதி எழுதிப் பலகையை நிரப்பினேன். பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "சார், இத்த ஏட்டாண்ட சொன்னா அப்பால பல்லு இருக்குமா சார்?" என்பான். அறையே சிரிக்கும். எனக்குக் கோபம் வந்துவிடும். "பல்லு போனா போகட்டும், நீ சொல்லு!" என்று கத்துவேன். என் பல்லா போகப் போகிறது?

அந்தப் பெண் மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ வந்தாள். பத்தொன்பது வயது. அப்பா துறைமுகத்தில் கிரேன் சங்கிலி அறுந்து செத்தவர். அம்மாவுக்கு விடாத இருமல். கீழே இரண்டு தம்பிகள். கப்பலில் வந்த கோதுமை இறங்கும் கிடங்கில் தரை கூட்டுகிற வேலை அவளுக்கு. அந்த வேலைக்கு நம்பர் அடித்த ஒரு பித்தளை வில்லை கொடுப்பார்கள். அதைக் காட்டினால்தான் கேட்டுக்குள் போகலாம். அதைப் பில்லை என்பார்கள். வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பில்லையால்தான் என்று அவளே ஒரு நாள் சொன்னாள். கழுத்தில் ஜெபமாலையும் பில்லையும் ஒரே கயிற்றில் தொங்கும்.

பாடம் சப்பென்று போகிறது என்று பொய்க் கோர்ட் நடத்த ஆரம்பித்தேன். ஒருவன் ஜட்ஜ், ஒருவன் திருடன், ஒருவன் வக்கீல். அவள் தானாக எழுந்து வந்து சப்-இன்ஸ்பெக்டர் ஆனாள். என் அடிக்கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "டேய் கய்தே, சட்டுனு ஒத்துக்கினு போய்டு. எனக்கு டீ ஆறிக்கினு கீது" என்று அவள் அதட்டியதும் திருடனாக நின்றவனுக்கே சிரிப்பு தாங்கவில்லை. கதவருகே நின்று பார்த்த சாமியார் வாயைப் பொத்திக்கொண்டு போனார்.

அவள் ஒரே ஒரு நாள்தான் விளையாட்டில்லாமல் கேள்வி கேட்டாள். "தப்பு பண்ணவன் வாய மூடிக்கினு இருக்கலாம்னு சொல்றீங்களே சார், அது பாவம் இல்லியா?"

"பாவம் கோயில் விஷயம்மா. இது கோர்ட்டு விஷயம்" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டப் பிரிவுக்குப் போய்விட்டேன். நின்று ஐந்து நிமிஷம் அவளோடு பேசியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. எனக்குப் போர்ஷனை முடிக்கிற அவசரம். யார் கொடுத்த போர்ஷன்? நானே எனக்குக் கொடுத்துக்கொண்டது.

கிடங்கில் நடந்த வழக்கம் இது. எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மூட்டை இறக்கும்போது கோதுமை சிந்தும். சிந்தியதைக் கூட்டி அள்ளித் திரும்பச் சாக்கில் போட வேண்டும். கூட்டுகிற பெண்களுக்கெல்லாம் ஒரே மேஸ்திரி. அவன் ஒவ்வொருத்திக்கும் துணியில் தைத்த பை ஒன்று கொடுப்பான். புடவைக்குள் இடுப்போடு கட்டிக்கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அதில் ஒன்றிரண்டு படி நிரப்பி வெளியே கொண்டுவந்து அவன் சொன்ன வீட்டில் கொட்ட வேண்டும். கொட்டியதில் கைப்பிடி அளவு அவளுக்கு. கேட்டுக் காவல்காரனை அவன் கவனித்துக்கொள்வான். பை வேண்டாம் என்று சொன்னவளுக்கு மறுநாள் பில்லை இருக்காது. இது திருட்டு என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். வேலையில் இதுவும் ஒரு பாகம் என்றும் தெரியும். மேஸ்திரியும் அதே கோயில்காரன்தான். திருவிழாவில் குடை பிடிக்கிற வரிசையில் முதல் ஆள். கடப்பாரையை முழுங்கிவிட்டுச் சுக்குக் கஷாயம் குடிக்கிற ஜாதி.

ஒரு புதன்கிழமை கேட்டில் புதுக் காவல்காரர்களைப் போட்டுவிட்டார்கள். கூடவே சோதனை போட ஒரு பெண். மேஸ்திரிக்கே தெரியாது. முன்னால் போன நாலு பேர் எப்படியோ தாண்டிவிட்டார்கள். இவள் மாட்டினாள். பையை அவிழ்த்துத் தரையில் கொட்டினார்கள். கழுத்திலிருந்து பில்லையை அறுத்தபோது ஜெபமாலையும் சேர்ந்து அறுந்ததாம். பத்தடி தூரத்தில் நின்றிருந்த மேஸ்திரி, செய்தி கேட்டு வந்த சப்-இன்ஸ்பெக்டரிடம் போய், "நம்ம கேங்குல இப்டி ஒரு திருடியா? எனுக்கு மானமே போச்சு சாமி" என்று தலையில் அடித்துக்கொண்டான். அவனைப் போலீஸ் சாட்சியாக எழுதிக்கொண்டார்கள். கிடங்கில் நிறையக் கோதுமை குறைகிறது என்று மேலிடத்திலிருந்து ஏற்கெனவே குடைச்சல். அவர்களுக்கு ஒரு ஆள் கிடைத்தாயிற்று.

அவள் அம்மா இருமிக்கொண்டே எங்கள் கடை வாசலில் வந்து நின்றாள். "நீதாம்பா சட்டம் சொல்லிக் குடுக்குற. நீயே வந்து பேசு" என்றாள். நான் சீனியரிடம் ஓடினேன். அவர் கேஸ் கட்டை மூடாமலே, "கையும் களவுமா மாட்டியிருக்கா. இல்லைன்னு சாதிச்சா கோபம்தான் வரும். வயசு பத்தொன்பது, முதல் குற்றம். ஒப்புத்துக்கச் சொல்லு. கண்டிச்சு விட்டுடுன்னு கேக்க ஒரு பிரிவு இருக்கு. அப்படி விட்டுட்டா, துறைமுகத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு அதிகாரி இருக்கார், பில்லையையும் பேசி வாங்கிடலாம். நீயே போய் ஆஜராகு. சின்ன கேஸ்தானே?" என்றார்.

சாமியார் சொல்லி ஒருவர் ஜாமீன் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே பள்ளிக்கூட அறையில் அவளையும் அம்மாவையும் உட்கார வைத்துப் பேசினேன். அன்றைக்கு ஒரு தடவை எடுத்ததை மட்டும் சொல்ல வேண்டும். பை கொடுத்தவன் மேஸ்திரி, அதை நிரப்பிக் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும் என்பதைச் சொல்ல வேண்டும். அப்பா செத்தது, அம்மா சீக்கு, தம்பிகள், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். "உன் வாயிலிருந்தே வரணும். அப்பதான் எடுபடும். மத்ததை நான் எழுந்திரிச்சுச் சொல்லிக்கிடுறேன்" என்றேன். தலையாட்டினாள். எனக்குக் கேட்டதெல்லாம் என் குரல் மட்டும்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்த வழியாகப் போனபோது கோயிலுக்குள் அவளைப் பார்த்தேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் பக்கவாட்டில் முக்காடு போட்டு முழங்கால் போட்டிருந்தாள். உள்ளே சாமியார் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போல ஜெபம் செய்கிறாள் என்று நினைத்துப் போய்விட்டேன். எனக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டில் சாமிக்குத் தேங்காய் உடைப்போம், சூடம் கொளுத்துவோம். செய்த தப்பை ஒரு மனுஷனிடம் போய் வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது.

திங்கட்கிழமை காலை. போலீஸ் கோர்ட்டில் கூட்டம் நெரிந்தது. குடித்துவிட்டு விழுந்தவன், நடைபாதையில் கடை போட்டவன், விளக்கில்லாமல் சைக்கிள் விட்டவன் என்று வரிசையாக வந்தார்கள். "ஒத்துக்கறியா?" "ஒத்துக்கறேன்." அடுத்தவன். மாஜிஸ்திரேட் கொடுமைக்காரர் இல்லை. நிமிர்ந்து பார்க்க நேரமில்லாதவர், அவ்வளவுதான். நிமிர்ந்து பார்க்காதவர் செய்கிற கொடுமை என்று ஒன்று உண்டு. அதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது.

அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். குற்றத்தைப் படித்தார்கள். "ஒத்துக்கறியா?" என்றார் அவர், எழுதிக்கொண்டே.

அவள் புடவைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். விரல்களைக் கோத்துக்கொண்டாள். மாஜிஸ்திரேட்டின் முகத்தைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி, அவருடைய காதுக்குச் சொல்வது போலச் சின்னக் குரலில் ஆரம்பித்தாள்.

"ஒத்துக்கிறேன் சாமி. போன வருசம் ஈஸ்டருக்கு மின்ன வர்ற தவசு காலத்துலேர்ந்து எடுத்துக்கினு கீறேன். வாரத்துக்கு ரெண்டு தபா. சீக்கு வந்து படுத்த நாள்லாம் கழிச்சா, நூறு தபாவுக்குக் கொறயாது. நூத்திப் பத்துகூட இருக்கும் சாமி. ஒவ்வொரு தபாவும் ஒண்ணு, ஒண்ணரைப் படி. ரெண்டு தபா ரெண்டு படி."

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு முதல்முறையாக நிமிர்ந்தார். நான் துள்ளி எழுந்தேன். "யுவர் ஆனர், சார்ஜ் ஒரே ஒரு சம்பவத்தைப் பற்றித்தான்..." கையமர்த்தினார். "அவளே சொல்றா. தடுக்காதீங்க." பிறகு அவளிடம், "யார் சொல்லி எடுத்தே? கூட யாரு?" என்றார்.

இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். மேஸ்திரி பின்னால் சாட்சிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"யாரும் இல்ல சாமி. நான்தான் எடுத்தேன். என் கைதான் எடுத்துச்சு."

"வீட்டுக் கஷ்டமா?"

"கஷ்டம் எல்லார் வூட்லயும் கீது சாமி."

 மறுபடியும் எழுந்தேன். முதல் குற்றம், வயசு, அப்பா இல்லாத குடும்பம் என்று மளமளவென்று சொன்னேன். மேஸ்திரி பை தைத்துக் கொடுத்ததையும் சொன்னேன். மாஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உங்க கட்சிக்காரியே நூறு தடவைங்கறா, நீங்க முதல் குற்றம்ங்கறீங்க. அவளே யாரும் இல்லைங்கறா, நீங்க அரசாங்கத்துச் சாட்சி மேல பழி போடறீங்க. உங்களுக்குச் சங்கடமா இல்லையா?" என்று கேட்டார். கோர்ட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களுக்கு அன்றைய பொழுது போயிற்று.

தீர்ப்பை இங்கிலீஷில் எழுதி இங்கிலீஷிலேயே படித்தார். மக்கள் தின்கிற ரேஷன் தானியம், நெடுநாளாகத் திட்டமிட்டுச் செய்த திருட்டு, வருத்தத்தின் அடையாளம் எதுவும் இல்லை, ஆறு மாதம் கடுங்காவல். வருத்தத்தின் அடையாளம் இல்லையாம்! தலை குனிந்து, கண்ணை மூடி, கை கோத்து நின்றவளைப் பார்த்து எழுதியது அது. அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் அசையவில்லை. எதற்கோ காத்துக்கொண்டு நின்றாள். கான்ஸ்டபிள் கையைப் பிடித்து இழுத்தபோது, "இருங்க, இன்னும் முடியல" என்றாள் மெதுவாக.

வராந்தாவில் வண்டிக்காக உட்கார வைத்திருந்தார்கள். அவள் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு இருமினாள். நான் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்தினேன். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன், கத்தினேன். "அடிப்பாவி, என்ன சொல்லச் சொன்னேன், என்ன சொன்னே? ஒரு தடவைன்னு சொல்லுன்னா நூறுங்கற! எவன் கேட்டான் உன்கிட்ட கணக்கு?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். ஆறு மாதம் போகிறவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எத்தினி தபான்னு சொல்லாட்டி அது செல்லாது சார். சின்னதுலயே கோயில் ஞானோபதேச வகுப்புல சொல்லிக் குடுத்துகிறாங்க. தெரிஞ்சே ஒண்ண மறைச்சா, சொன்ன மத்ததும் போச்சு."

"மேஸ்திரியை ஏன் சொல்லலை?"

"அடுத்தவங்க பாவத்தச் சொல்லக் கூடாது சார். நம்முளுத மட்டும்தான் சொல்லணும். அவரு பாவத்த அவரு சொல்லிக்குவாரு."

"அம்மா சீக்கு, தம்பிங்க..."

"அது சாக்கு சார். சாக்கு சொன்னா மனஸ்தாபம், அதான் பாவத்துக்கு வருத்தப்படுறது, இல்லன்னு ஆயிடும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவுரு இன்னா சார் சொன்னாரு? இங்கிலீஷ்ல சொன்னாரே, அதுதான் மன்னிப்பா?" என்றாள்.

 பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள்தான், "ஆறு மாசம்மா" என்றான். அவனுக்கே பொறுக்கவில்லை. அவள், "ஆறு மாசமா? சரி" என்றாள். பாவத்துக்குப் பரிகாரமாகச் சொல்லச் சாமியார் கொஞ்சம் பெரிய ஜெபமாகக் கொடுத்துவிட்டார் என்பது போலத் தலையாட்டினாள்.

நேராகக் கோயிலுக்குப் போனேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சாமியார் பள்ளிக்கூடக் கணக்குப் பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்கு எதிரிலேயே ஆரம்பித்துவிட்டேன். "சனிக்கிழமை உங்ககிட்ட வந்தாளே, நீங்க சொல்லியிருக்கக் கூடாதா? அங்க சொல்றது வேற, கோர்ட்டுல சொல்றது வேறன்னு ஒரு வார்த்தை?"

அவர் முகம் வெளுத்தது. "தம்பி, அங்க அது என்ன சொல்லிச்சு, நான் என்ன சொன்னேன்னு நான் வாயே திறக்கக் கூடாது. நீங்க என்னை அடிச்சாலும் சரி."

"வாயைத் திறக்க வேண்டியவங்கல்லாம் இறுக்கி மூடிக்கிடுதீங்க. மூட வேண்டியவ திறந்துட்டு உள்ள போயிட்டா!" என்று சத்தம் போட்டுவிட்டு வெளியே வந்தேன். எனக்கு ஆத்திரம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். அவர் மேல் மட்டும் குற்றமா? கூண்டில் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று வாராவாரம் பலகை நிறைய எழுதியவன் நான். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஏழு வயசிலிருந்து மாதம் ஒரு முறை முழங்கால் போட்டு ஒப்புக்கொண்டு பழகியவர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் உதவாமல் போனதோடு நிற்கவில்லை, ஒருத்தியைக் காவும் வாங்கிவிட்டது.

அப்பீல் போடலாம் என்று சீனியரிடம் நின்றேன். "ஒப்புத்துண்டவளுக்கு ஏதுய்யா அப்பீல்? தண்டனை அதிகம்னு வேணா கேக்கலாம். கையெழுத்து வாங்கிண்டு வா" என்றார். மனுவை எழுதி அனுப்பினேன். கைரேகை வைக்காமல் திரும்பி வந்தது. தீர்க்க வேண்டியதைத் தீர்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பாடம் நடத்தவில்லை. பை கட்டுகிற பெண்கள் அந்த அறையிலேயே நாலைந்து பேர் இருந்தார்கள். "மேஸ்திரிதான் பை குடுத்தான்னு வந்து சொல்ல ஒரே ஒருத்தர் போதும். போலீஸுக்கு நானே கூட வர்றேன்" என்றேன். எல்லாரும் குனிந்துகொண்டார்கள். கடைசியில் ஒருத்தி எழுந்து, "பில்லய புடுங்கிட்டா எங்க வூட்டுக்கு நீங்களா சார் சோறு போடுவீங்க?" என்று கேட்டாள். அவள் நியாயமாகத்தான் கேட்டாள். நான் அவள் மேல் எரிந்து விழுந்தேன். கையிலிருந்த சாக்கட்டியைச் சுவரில் எறிந்தேன். அந்த மாதம் கோயில் திருவிழா வந்தது. தேருக்கு முன்னால் மேஸ்திரி வெள்ளை வேட்டி கட்டிக் குடை பிடித்துக்கொண்டு போனான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தெருமுனையில் நின்று பார்த்தேன். ஒரு கல் எடுக்கத் தோன்றியது. எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எந்தப் பிரிவு என்று எனக்குத் தெரியும், அதனால்.

சாமியார் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார், அவள் வெளியே வந்ததும் பில்லையைத் திருப்பிக் கொடுக்கும்படி. சீனியரும் தன் அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தார். நாலாவது மாதம் பதில் வந்தது. திருட்டுக்குத் தண்டனை பெற்ற எவரையும் எந்தக் காலத்திலும் உள்ளே விடுவதற்கில்லை. இரண்டே வரி.

அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவள் அம்மாவோடு வேலூருக்கு ரயிலேறினேன். பெண்கள் ஜெயில் அங்கேதான். கம்பிக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் புடவையில் வந்து நின்றாள். இளைத்திருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. அம்மாவிடம் இருமலைக் கேட்டாள், தம்பிகளைக் கேட்டாள். பெரியவன் பள்ளிக்கூடத்தை விட்டு ஐஸ் கிடங்கில் வேலைக்குப் போகிறான் என்று அம்மா சொன்னாள். "ரெண்டே மாசம். நான் வந்து அவன மறுபடி படிக்கப் போடுறேன்" என்றாள் இவள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இது முடிஞ்சா எல்லாம் தீந்துடும் இல்ல சார்? பில்லயத் திருப்பிக் குடுத்துருவாங்க இல்ல?"

அம்மா தரையைப் பார்த்தாள். வழியெல்லாம், இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், வெளியே வரட்டும் என்று நானும் அவள் அம்மாவும் பேசி வைத்திருந்தோம். என்னால் முடியவில்லை. அவளிடம் இன்னும் ஒரு பொய் யாராவது சொன்னால் அது நானாக இருக்கக் கூடாது என்று பட்டது.

"இல்லம்மா. குடுக்க மாட்டாங்க. எப்பவும் குடுக்க மாட்டாங்க. இது தீர்ற கணக்கு இல்ல. கடைசி வரைக்கும் உன் பேருல இருக்கும்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நாலு மாதம் பொறுமையாக இருந்த முகம் என் கண்ணெதிரே மாறியது. கோர்ட்டில் வந்திருக்க வேண்டிய கோபம் அப்போதுதான் வந்தது.

"அப்பால இன்னாத்துக்கு சார், ஒத்துக்கினியா ஒத்துக்கினியான்னு அவுரு கேட்டாரு?"

"கேஸு சீக்கிரம் முடியணும்ல" என்றேன். "அதுக்குத்தாம்மா."